பிரபுவின் கட்டத்தில் தேதி போடாதே

நைனா, அன்றைக்கு அடுப்பில் பால் எதுவும் இல்லை. "பால் பொங்குதுடா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி போனை வைத்தேனே, அது பொய். உன் தம்பியைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். "பிரபு கட்டத்துல இன்னாம்மா போடறது? செத்துட்டான்னு போட்டா ஒரு வருஷம் கேக்குது. போடலன்னா பேரே காட்ட மாட்டேங்குது" என்றாய். ரேஷன் கடை ஆள் கேட்பதைப் போலக் கேட்டாய். உனக்கும் உள்ளே வலிக்கும், தெரியும். சின்ன வயதிலிருந்தே வலிக்கிற இடத்தில் குரலை இப்படித்தான் காய வைத்துக்கொள்வாய். உங்கப்பா புத்தி. போனில் சொல்ல முடியாததை உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பெண்டாட்டி தூங்கிய பிறகு படிக்காதே. அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் இந்தக் குடும்ப மரம் வேலையை நீ ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உங்கள் பக்கத்து வீட்டு டாரத்தி அம்மா உன்னை அவர்கள் கவுண்டி ஆபீஸுக்கு, நம்ம ஜில்லா ஆபீஸ் மாதிரி, அழைத்துப் போய், நூறு வருஷத்துக்கு முந்தைய ஜனத்தொகைக் கணக்கைக் காட்டினாள் என்றாய். அதில் அவள் தாத்தாவின் அப்பா பெயர், வயது, எந்த ஊரில் பிறந்தார், என்ன வேலை செய்தார், எழுதப் படிக்கத் தெரியுமா தெரியாதா, எல்லாம் கையெழுத்தில் இருந்ததாம். பக்கத்து வரியில் அவர் பெண்டாட்டி, அதற்குக் கீழே பிள்ளைகள். நீ அதைச் சொன்னபோது உன் குரலில் ஒரு பொறாமை இருந்தது. பக்கத்து இலையில் பாயசம் விழுந்து நம் இலைக்கு வராமல் போனவன் குரல். "நம்மள யாராவது இப்படி எழுதி வெச்சிருப்பாங்களாம்மா?" என்று கேட்டாய்.

உனக்காக வேலூர் போனேன். முட்டி வலியோடு பஸ் ஏறி, நூலகத்தில் பழைய ஜனத்தொகைக் கணக்குப் புத்தகம் கேட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன், தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். நம் ஆம்பூர் அதில் இருந்தது நைனா. இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண், தோல் வேலை செய்கிறவர்கள் இத்தனை பேர். "பேருங்க எந்தப் பக்கத்துல சார்?" என்றேன். "பேரெல்லாம் இதுல கெடையாதும்மா. தலைய எண்ணி கூட்டிப் போட்டுட்டாங்க, அவ்ளோதான். வீட்டு வீட்டுக்கு எழுதின தாளுங்கள அப்பவே கழிச்சிட்டிருப்பாங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். அவர் மேல் இல்லை. அந்தத் தோல்காரர்கள் கணக்கில் ஒரு தலை உன் தாத்தா. தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் நின்று காலெல்லாம் வெந்துபோன மனுஷன், அந்தக் கூட்டுத்தொகையில் ஒன்று. அவருடைய பெயரை எழுத அரை அங்குல இடம் இல்லாமல் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பெயரை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பொம்பளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அதனால் என் நினைவில் இருந்ததை எல்லாம் உனக்குச் சொன்னேன், நீயும் மரத்தில் ஏற்றினாய். உங்கப்பா கட்டத்தை முடித்து அவருடைய போட்டோ போட்டு எனக்குக் காட்டினாய். என் கட்டத்தைக் காட்டும்போதுதான் அந்தச் சட்டத்தைச் சொன்னாய். செத்தவர்கள் பெயர்தான் வெளியாட்களுக்குத் தெரியும், உயிரோடு இருப்பவர்கள் கட்டத்தில் பெயரை மறைத்து "உயிருடன் இருப்பவர்" என்று மட்டும் காட்டும் என்று. "அப்போ நான் செத்தாதான் எனக்குப் பேரா?" என்று கேட்டுச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்போது பிரபு கட்டத்தை நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இங்கே அவன் பெயர் எப்படி எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. முதலில் ரேஷன் கார்டு. கார்டில் இருக்கிற ஒவ்வொருத்தரும் வந்து ரேகை வைக்க வேண்டும் என்றார்கள். "பையன் வெளியூர்ல இருக்கான்பா" என்று சொல்லிப் பார்த்தேன். கடைப் பையனும் ரொம்ப நாள் தள்ளிக்கொண்டே வந்தான். கடைசியில் "நான் இன்னா பண்ணட்டும் ஆயா, மெஷினு ஒத்துக்க மாட்டேங்குது" என்றான். அவன் மேல் தப்பு இல்லை. விரல் இல்லாமல் ரேகைக்கு எங்கே போவது? அப்புறம் ஓட்டர் லிஸ்ட். வீடு வீடாக வந்தவர் பிரபு பெயரைப் படித்துவிட்டு, ஊர் மாறிவிட்டாரா, இறந்துவிட்டாரா, ஆள் இல்லையா என்று கேட்டார். மூன்றில் ஒன்று சொல்லணுமாம். "'இன்னும் வரல'ன்னு எழுதிக்குங்க சார்" என்றேன். அப்படி ஒரு கட்டம் அவரிடம் இல்லை. அடுத்த லிஸ்டில் பெயர் இல்லை.

போன வாரம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர், கையில் போன், வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. மோர் கொடுத்தேன். "வழக்கமா இந்த வூட்ல எத்தன பேர் இருக்கீங்க ஆயா?" என்றாள். எப்போதும் சொல்கிற மாதிரி "ரெண்டு பேர்" என்றேன். "இன்னொருத்தர் எங்க?" "வெளியூர்ல வேல." "எப்போலருந்து?" நான் காலி மோர் டம்ளரை வாங்கி வைத்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். உங்கப்பா படத்துக்கு மாலை இருக்கிறது, பிரபு படத்துக்கு இல்லை. புரிந்துகொண்டாள் போல. போனைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அவரு எங்க இருக்காரோ அங்க எழுதிக்குவாங்க ஆயா. நான் இங்கயும் எழுதினா ரெண்டு தடவ ஆயிடும்ல?" நான் கேட்டேன்: "அங்க பேர் எழுதுவாங்களா கண்ணு?" "எழுதுவாங்க ஆயா." அவள் ஒன்று என்று தட்டிக்கொண்டு போனாள். எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அவள் சொன்னதுதான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்க வைத்தது.

ஆக, எல்லா இடத்திலும் கழிந்துபோய், அவன் பெயர் மிச்சம் இருப்பது உன் மரத்தில்தான். அங்கேயும் செத்தான் என்று எழுதினால்தான் பெயர் தெரியும் என்கிறாய். அதனால்தான் பால் பொங்கியது.

அவன் போன நாளை உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. நீ அப்போதுதான் அமெரிக்கா போயிருந்தாய். அவன் வேலை செய்த தோல் கம்பெனியை மூடினார்கள். கல்கத்தாவில் தோல் பை கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தோஸ்த் ஒருத்தன் சொல்ல, கிளம்பிவிட்டான். சண்டை இல்லை, கோபம் இல்லை. காட்பாடியில் உங்கப்பாதான் வண்டி ஏற்றிவிட்டார். காலில் கறுப்பு ஷூ. நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட ஜோடி. மேல் தோலைத் தைத்தது நானே. இடது ஷூவில், கயிற்றுக்கு அடியில் இருக்கிற நாக்குக்குப் பக்கத்தில் நூல் அறுந்துபோய், அதன் மேலேயே இன்னொரு தடவை மிஷினை ஓட்டியிருந்தேன். அதனால்தான் கழித்தார்கள், அதனால்தான் நமக்குக் கிடைத்தது. "கம்பெனிக்கு ஆகாதது எனக்கா?" என்று கேலி பண்ணிக்கொண்டேதான் மாட்டினான். உங்கப்பா குனிந்து அந்த இரட்டைத் தையலைக் கட்டைவிரலால் தடவி, "இதுதான்டா ஸ்ட்ராங்கு" என்றார்.

உங்கப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். உனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட மாமனார் செருப்பைப் பார்த்துவிட்டு, "ஆட்டுத் தோலு, நல்லா வெச்சிருக்காரு, நல்ல மனுஷன்" என்று என் காதில் சொன்னார். எதிரில் வருகிறவன் போட்டிருப்பது மாட்டுத் தோலா, எருமைத் தோலா, ரெக்ஸினா என்று நடக்கும்போதே சொல்லிவிடுவார். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனாலும் அவருக்கு அது ஜாஸ்தி.

பிரபு மளிகைக் கடை போனுக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். சோறு சரியில்லை, மீன் நாற்றம், ஆனால் சம்பளம் பரவாயில்லை என்பான். சித்திரை வரைக்கும் பேசினான். அப்புறம் நின்றது. கம்பெனிக்குப் போன் போட்டால் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். உங்கப்பா ஞாயிறு தவறாமல் காட்பாடிக்குப் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார். வடக்கே இருந்து வரும் வண்டியில் இறங்குகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும், ஒரு தடவை நானும் அவரோடு போயிருக்கிறேன்.

ஆடி மாதம் ரயில்வே போலீஸிலிருந்து ஆள் வந்தது. அரக்கோணம் பக்கத்தில் தண்டவாளத்தோரம் ஒரு பையன் கிடந்தான், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று. நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றேன். "நீ வராத. யாரோ எவனோ. நான் போய்ட்டு வர்றேன்" என்று தடுத்துவிட்டார். பிடிவாதமாகப் போயிருக்கலாம். போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வந்தார். தெருமுனையிலேயே கையை ஆட்டினார், இல்லை என்று. "நம்ம பையன் இல்ல. யாரோ வடக்கத்திக்காரன்" என்றார். வருகிற வழியில் ஆற்காட்டில் இறங்கி ஒரு டப்பா மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். "நல்ல சேதிதான? சாப்புடு" என்று என் கையில் கொடுத்தார்.

சாப்பிட்டேன் நைனா. பாகு சொட்டச் சொட்டச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். அவர் ஒன்றுகூட எடுக்கவில்லை. பல்லு கூசுது என்றார். வாயில் இனிப்பை வைத்துக்கொண்டே ஒன்று கேட்டேன். "அந்தப் பையன் கால்ல ஷூ இருந்துச்சா?" அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "கவனிக்கல" என்றார்.

கவனிக்கலையாம். ஆயுசு முழுக்கத் தோலிலேயே கிடந்த மனுஷன், எதிரி வந்தாலும் முதலில் காலைப் பார்க்கிற மனுஷன், கவனிக்கலையாம். ஊரில் வேறு எந்த ஆம்பளை சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காட்பாடிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை. செத்துப்போகிற வரைக்கும் அந்த ஸ்டேஷனில் கால் வைக்கவில்லை. அரக்கோணத்தில் இருந்து காட்பாடி எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரம் இருக்குமா? பிள்ளை ஊருக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தானோ என்று நினைக்கும்போது, அந்த மக்கன் பேடா இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. அதற்கப்புறம் அந்த இனிப்பை நான் தொட்டதில்லை. நீ ஒரு தடவை ஆசையாக வாங்கி வந்தபோது சர்க்கரை வியாதி என்று சொன்னேனே, அப்போது எனக்குச் சர்க்கரை இல்லை.

அவரைத் திரும்பக் கேட்டாயா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கடைசியாக மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது அவராகவே ஆரம்பித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு அரக்கோணத்துல..." என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன். "வேணாங்க. நீங்கதான் இல்லன்னு சொல்லிட்டீங்களே. தூங்குங்க" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்புறம் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்காக ஒரு "இல்லை"யை இத்தனை வருஷம் தனியாகச் சுமந்த மனுஷன். எங்கே எரித்தார்களோ, எங்கே புதைத்தார்களோ, பெற்ற பிள்ளையை யாரோ என்று சொல்லிவிட்டு வந்து, எனக்கு இனிப்பு கொடுத்தார். அவரைக் கும்பிடுவதா அடிப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சில நாள் இரண்டும் பண்ணத் தோன்றுகிறது.

அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் பெண்டாட்டியோடு படி என்றேன். எந்தச் சுமையானாலும் அவளிடம் சொல்லிவிடு. காப்பாற்றுகிறேன் என்று எதையும் மூடி வைக்காதே. நாங்கள் ஒரே பாயில் இரண்டு பக்கம் படுத்துக்கொண்டு ஒரே பிள்ளைக்காகத் தனித்தனியாக அழுதோம். அந்தக் கொடுமை உங்களுக்கு வேண்டாம். சேர்ந்து அழுதால் பாதியாகக் குறையும் என்று சொல்வார்கள். எங்களுக்கு அந்தப் பாதியும் கிடைக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளை வருவான் என்று ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்று நினைக்காதே. என் வயிற்றுக்குத் தெரியும். ஆனால் யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் நான் பிழைத்துக்கிடக்கிறேன். நீ ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டால், அதை முதலில் சொன்னவன் நீயாகிவிடுவாய். அப்புறம் நான் அவன் படத்துக்கு மாலை போட வேண்டும். அமாவாசைக்கு உங்கப்பாவுக்கு ஒரு இலை போடுகிறேன், பக்கத்தில் இன்னொரு இலை போட வேண்டும். உங்க அத்தை வருஷா வருஷம் சொல்கிறாள், "அந்தப் புள்ளைக்கும் ஒரு எல போடு, பசியோட நிப்பான்" என்று. அதைக் கேட்டதும் இன்னொரு இலையை எடுத்துக் கழுவியும் விடுகிறேன். ஆனாலும் கை வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. டாரத்தி அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார், ரயில் ரோடு போடுகிற வேலைக்குப் போய்த் தொலைந்துபோனார் என்று சொன்னாயே. வீட்டில் காத்துக் காத்துப் பார்த்து, ஒரு வருஷத்தைச் செதுக்கிக் கல்லறைக் கல்லே நட்டுவிட்டார்களாம். அவரோ வேறு கவுண்டியில் கல்யாணம் பண்ணிப் பிள்ளை குட்டியோடு இருந்திருக்கிறார். அவருடைய பேத்தி, கணக்குத் தாளில் பெயரும் பிறந்த ஊரும் பொருந்துகிறதே என்று டாரத்தி அம்மா வீடு வரைக்கும் தேடி வந்து, அந்தக் கல்லில் இருந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ என்று திரும்பிப் போய்விட்டாளாம். அப்புறம் எத்தனையோ வருஷம் கழித்துத்தான் சேர்ந்தார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வயிறு சொல்வது தப்பாக இருந்து, உங்கப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிஜமாகவே கவனிக்காமல் இருந்து, அந்தப் பையன் எவனோ வடக்கத்திக்காரனாகவே இருந்தால்? கல்கத்தாவிலோ வேறு எங்கேயோ அவனுக்கு ஒரு பெண் இருந்து, அவள் பிள்ளை ஒரு நாள் உன்னைப் போல உட்கார்ந்து தேடினால்? நீ போட்ட வருஷத்தைப் பார்த்துவிட்டு அது திரும்பிப் போக வேண்டுமா?

அதனால் இப்படிச் செய். பிரபு கட்டத்தில் தேதி போடாதே. பெயர் மறைந்தே கிடக்கட்டும். உயிருடன் இருப்பவர் என்று அந்த மெஷின் சொல்கிறதே, அது ஒன்றாவது அப்படிச் சொல்லட்டும். ஆனால் உங்கப்பா கட்டம் எல்லோருக்கும் தெரியும், அதில் அவர் வாழ்க்கையைப் பற்றி எழுத இடம் இருக்கிறது என்று காட்டினாயே, அங்கே எழுது. இவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் பிரபு. ஆம்பூர்க்காரன். காட்பாடியில் கல்கத்தா வண்டி ஏறினான். காலில் அவன் அம்மா தைத்த கறுப்பு ஷூ, இடது ஷூவில் நாக்குக்குப் பக்கத்தில் இரட்டைத் தையல். இவ்வளவு போதும். இருக்கிறான் என்றும் எழுதாதே, இல்லை என்றும் எழுதாதே. அவர் மறைத்து வைத்ததை அவர் கட்டமே வைத்துக்கொள்ளட்டும்.

என் காலம் இன்னும் கொஞ்சம்தான். போய்ச் சேர்ந்ததும் என் பெயரும் அந்த மரத்தில் வெளியே தெரியும் என்றாயே, அன்றைக்கு என் கட்டத்திலும் இதையே எழுது. அதற்கு அப்புறம் பிரபுவுக்குத் தேதி போடுவதும் போடாததும் உன் இஷ்டம். அழாமல் போடு. அதற்குள் எனக்குத் தெரிந்துபோயிருக்கும். அங்கே அவன் இருந்தால் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருமோ வராதோ, முதலில் காலைத்தான் பார்ப்பேன்.

அம்மா